திருப்பக் கூடாத முட்டைகள்

மார்ச் 4

அண்ணிக்கு,

போனை எடுக்க மாட்டீர்களாம். பேச வேண்டியதை எழுதித் தபாலில் போட வேண்டுமாம், கீழே கையெழுத்து இருக்க வேண்டுமாம். "வாயால சொன்னா நாளைக்கு மாத்திப் பேசுவா உங்க தங்கச்சி" என்று அண்ணனிடம் சொல்லியனுப்பினீர்களாமே. சரி, எழுதுகிறேன். கையெழுத்தும் போடுகிறேன். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்.

எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும் என்றால் நடந்ததையும் வரிசையாகவே எழுதிவிடுகிறேன். நம் உயிரியல் பூங்காவில் நீங்கள் வளர்க்கிற மலைப்பாம்பு சீமாட்டி, குட்டியாக வந்த நாள் முதல் தனிக் கூண்டில்தான் இருக்கிறது. ஆண் பாம்பின் நிழல்கூட அதன் மேல் பட்டதில்லை. அப்படிப்பட்டது போன மாதம் ஒரு குவியல் முட்டை போட்டது. டைரக்டர் என்னைக் கூப்பிட்டு, "நீ பறவைக் கூடத்துல முட்டை பாக்கிறவதானே, இதுல உயிர் இருக்கான்னு பாரு" என்றார். விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். ரத்த நாளம் சிவப்பு நூலாக ஓடியது. "இருக்கு சார்" என்றேன். இருந்ததை இல்லை என்று சொல்ல முடியுமா? விசாரணையில், அண்ணி வெளியிலிருந்து எதையாவது கொண்டுவந்து பார்த்தாயா என்று கேட்டார்கள். மழை நாளில் ஒரு மூட்டையோடு வந்ததைப் பார்த்தேன், மூட்டை அசைந்தது என்றேன். அதுவும் பார்த்ததுதான். களவாக ஆண் பாம்பைக் கொண்டுவந்து இணைசேர்த்து, குட்டிகளை வெளியே விற்கப் பார்த்தீர்கள் என்று முடிவு கட்டியது அவர்கள். நான் இல்லை.

வேலையிலிருந்து நிறுத்தி வைத்ததும் நீங்கள் கோபித்துக்கொண்டு உங்கள் அக்கா வீட்டுக்குப் போன மறுநாளே பாம்புக் கூடத்துச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டார்கள். நான் கேட்கவே இல்லை. பாம்பு என்றாலே எனக்குக் குலை நடுங்கும் என்பது உங்களுக்குத் தெரியும்.

எழுதுகிற காரணம் இதுதான். பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள், இங்கே பாம்பே நடுங்குகிறது. முட்டைகளைச் சுற்றிக்கொண்டு உடம்பு முழுக்க உதறுகிறது. நம் மிருக டாக்டர் வெளிநாட்டில் பயிற்சியில் இருக்கிறார், அடுத்த மாதம்தான் வருவார். என்ன நோய் இது? என்ன செய்ய வேண்டும்?

இன்னொன்று. அந்த ஆண் பாம்பு எங்கிருந்து வந்தது என்று எனக்கு மட்டுமாவது சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்


மார்ச் 8

நாத்தனாருக்கு,

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். முதல் தரம் கோபத்தில். இரண்டாம் தரம், இதில் எந்த வரி உன்னுடையது, எந்த வரி டைரக்டருடையது என்று பிரித்துப் பார்ப்பதற்காக. "எனக்கு மட்டுமாவது சொல்லுங்கள்" என்பது நிச்சயம் உன்னுடையது இல்லை. கூட இருந்து குழி பறிக்கிறவளுக்கு இவ்வளவு நாசூக்காகக் கேட்க வராது.

மூட்டையா? உன் அண்ணனின் தச்சுப் பட்டறையில் அள்ளிய மரச்சீவல்! கூண்டில் பரப்ப வேறு என்ன போடுவார்கள், பட்டு மெத்தையா? மழையில் வழுக்கி வழுக்கி நடந்து வந்தேன், தோளில் கிடக்கும் மூட்டை அசையாமல் பிரசங்கமா கேட்கும்? அவரே விசாரணைக்கு வந்து சொன்னார். புருஷன் சாட்சி செல்லாதாம். பாவம் அந்த மனுஷன், மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. வீட்டுக்குள்ளே நீ, வெளியே நான்.

சீமாட்டிக்கு நோயும் இல்லை நொடியும் இல்லை. பாம்புக்கு நம்மைப்போல் சொந்தச் சூடு கிடையாது. வெளியே வெயில் இருந்தால் சூடு, இல்லாவிட்டால் குளிர். ஆனால் மலைப்பாம்பு மட்டும் அடைகாக்கிற நாட்களில் முட்டைகளைச் சுற்றிக்கொண்டு தசையை உதறி உதறிச் சூடு உண்டாக்கும். அவள் நடுங்கினால்தான் பிள்ளைகளுக்குக் குளிராது. பொரிகிற வரை சாப்பிட மாட்டாள். பட்டினி கிடக்கிறாளே என்று எலியைப் போடாதே, யாராவது புண்ணியவான் பால் கொண்டுவந்தால் வாங்காதே, பாம்பு பால் குடிக்காது. கூண்டைத் திறக்காதே. முட்டையைத் தொடாதே. அவளுக்கு அடியில் கையே விடாதே.

ஆண் பாம்பு எங்கிருந்தும் வரவில்லை. ஆணே இல்லாமல்தான் அவள் முட்டையிட்டிருக்கிறாள். சிரிக்காதே. ரோஜாச் செடியில் மொய்க்கிற அசுவினிப் பூச்சி ஆண் இல்லாமல்தான் கோடை முழுக்கக் குட்டி போடுகிறது. ஆண் தேனீக்கு அப்பாவே கிடையாது, தாய்வழித் தாத்தா மட்டும் உண்டு. மலைப்பாம்புக்கும் அபூர்வமாக அப்படி நேரும் என்று டாக்டர் ஒருமுறை என்னிடம் சொன்னார். அவர் இருந்திருந்தால் நான் ஏன் இங்கே அக்கா வீட்டு மாடியறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்?

குட்டிகள் வெளியே வரட்டும். அவற்றைச் சோதித்தால் தெரிந்துவிடும். எனக்கு இருக்கிற சாட்சி அவை மட்டும்தான்.

அண்ணி


மார்ச் 13

அண்ணிக்கு,

அப்பா இல்லாத தேனீக்குத் தாத்தா இருக்கிறாரா! இத்தனை வருஷம் பறவைகளோடு குப்பை கொட்டியவள் காதில் இவ்வளவு பெரிய பூவையா சுற்றுகிறீர்கள்? டைரக்டரிடம் அந்த வரியைப் படித்துக் காட்டினேன். மறைத்து என்ன பிரயோஜனம், நீங்களே எழுத்தில் வேண்டும் என்றீர்கள். அவர் சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி கீழே விழுந்தது. "அப்ப உங்க அண்ணி வேலைக்குத் திரும்பறதுக்கும் அந்தத் தாத்தாவே வந்து கையெழுத்துப் போடட்டும்" என்றார்.

நடுக்கத்தைப் பற்றிச் சொன்னதை மட்டும் நம்பினேன். தொட்டுப் பார்க்காமலே கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கை வைத்தால் கதகதப்பு தெரிகிறது.

ஆனால் அடியில் கையே விடாதே என்று எழுதி அதன் கீழே கோடும் போட்டிருந்தீர்களே. அந்தக் கோடுதான் என்னைத் தூங்கவிடவில்லை. அடியில் அப்படி என்ன இருக்கிறது? வெறும் முட்டை என்றால் கோடு எதற்கு? டைரக்டர் அனுப்பிய சிங்கக் கூண்டு ஆட்கள் இருவரைக் கூட்டிக்கொண்டு போய்க் கூண்டைத் திறந்தேன். அவர்கள் கொக்கியாலும் போர்வையாலும் சீமாட்டியை ஒரு பக்கம் ஒதுக்கினார்கள். அடியில் மரச்சீவல் இருந்தது. நான் பொய் சொல்கிறவள் இல்லை, அதனால் இதையும் எழுதுகிறேன். ஆனாலும் மரச்சீவலுக்கு நடுவில் பாம்பைச் சுருட்டி வைத்தும் மூட்டை கட்டலாம், இல்லையா?

வந்ததோடு முட்டைகளையும் எடுத்துவிட்டேன். தாய்க்குச் சோறும் இல்லாமல், நடுக்கத்தை நம்பி எத்தனை நாள் விடுவது? பாதிக்கு மேல் ஒன்றோடொன்று பசை போட்டதுபோல் ஒட்டியிருந்தன. ஈரத்துணி வைத்து மெல்லப் பிரித்தேன். அடியில் மூன்று முட்டைகள் மட்டும் ஒரே கட்டியாக இருந்தன. அவற்றைத் தொடப் போனபோது சீமாட்டி சீறிப் பாய்ந்ததில் சிங்கக் கூண்டு ஆளின் பூட்ஸில் பல் பதிந்துவிட்டது. சிங்கத்துக்குப் பயப்படாதவன் அலறிய அலறலில் நானே ஓடிவிட்டேன். அந்த மூன்றும் அவளிடமே கிடக்கின்றன. அவை தேறாது.

மற்றவை என் இன்குபேட்டரில் பத்திரமாக இருக்கின்றன. ஒவ்வொன்றின் ஒரு பக்கம் பென்சிலால் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம் போட்டிருக்கிறேன். காலை, மதியம், மாலை என்று ஒரு வேளை தவறாமல் திருப்பி வைக்கிறேன். கொக்கு முட்டைக்குக்கூட இவ்வளவு பார்த்ததில்லை. உங்கள் மேல் ஆயிரம் சந்தேகம் இருக்கலாம். முட்டை என்ன பாவம் செய்தது?

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்


மார்ச் 16

திருப்பாதே. ஒரு தரம்கூடத் திருப்பாதே. இதைப் படித்த நிமிடமே நிறுத்து.

அண்ணி


மார்ச் 20

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அதைக் கடிதம் என்று சொல்லலாமா என்று தெரியவில்லை.

பறவைக் கூடத்தில் புதிதாகச் சேர்கிறவருக்கு முதல் நாள் சொல்லிக்கொடுப்பதே முட்டையைத் திருப்புவதுதான். திருப்பாமல் விட்டால் கரு ஓட்டோடு ஒட்டிக்கொண்டு செத்துப்போகும். கோழிகூட ஒரு நாளைக்கு எத்தனையோ முறை அலகால் புரட்டிக்கொள்கிறது, அதற்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? முட்டையைத் திருப்பாதே என்று சொல்கிறவர், முட்டையைக் கொல் என்று சொல்கிறவர். என் தொழிலில் அதற்கு வேறு அர்த்தம் இல்லை.

முதல் கடிதத்தில், குட்டிகள்தான் உங்களுக்குச் சாட்சி என்றீர்கள். அதைப் படித்தபோது கொஞ்சம் ஆடிப்போனேன். இவ்வளவு தைரியமாகச் சொல்கிறாரே, ஒருவேளை நாம்தான் தப்பாக நினைத்துவிட்டோமோ என்று இரண்டு நாள் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. இப்போது புரிந்துவிட்டது. குட்டிகள் உயிரோடு வந்து, சோதனையும் நடந்தால் அப்பன் யார் என்று தெரிந்துவிடும். அதனால் சாட்சி வருவதற்கு முன்பே அதன் கழுத்தை நெரிக்க வேண்டும். அதையும் என் கையாலேயே நெரிக்க வேண்டும். பலே!

நான் நிறுத்தவில்லை. இன்று காலையும் திருப்பினேன். உங்கள் கடிதத்தை டைரக்டரிடம் கொடுத்துப் பிரதி எடுக்கச் சொல்லிவிட்டேன்.

அண்ணன் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. உங்கள் பக்கம் சாய்ந்துவிட்டார் என்று நினைக்கிறேன். சந்தோஷப்படுங்கள்.

இப்படிக்கு,
நாத்தனார்


மார்ச் 25

உன் கடிதத்துக்கு நீளமாக ஒரு பதில் எழுதினேன். எழுதிக் கிழித்துவிட்டேன். தேனீயைப் பற்றி எழுதியதற்கே மூக்குக்கண்ணாடி விழ விழச் சிரித்தீர்கள். இதையும் எழுதினால் ஊரைக் கூட்டிச் சிரிப்பீர்கள். எதை எழுதினாலும் பிரதி, எதைச் சொன்னாலும் சாட்சி. நல்லது என்று சொன்னால்கூட நஞ்சு என்று எடுத்துக்கொள்கிறவளுக்கு நான் என்னத்தை விளக்குவது?

பாம்புக் கூடத்துத் தலைமைப் பொறுப்பு காலியானால் அடுத்து உனக்குத்தான் என்று எனக்குத் தெரியும். அதற்காகத்தான் இவ்வளவுமா என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. அப்படி இல்லை என்றால் நீயே சொல்.

இனி எழுத மாட்டேன்.

அண்ணி


ஏப்ரல் 18

அண்ணிக்கு,

எழுத மாட்டேன் என்றீர்கள், படிக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. தயவுசெய்து முழுதாகப் படியுங்கள்.

முட்டைகள் போய்விட்டன. முதலில் இரண்டு ஒடுங்கிப் பள்ளம் விழுந்தன. ஈரம் போதவில்லை என்று தண்ணீர் வைத்தேன். பிறகு பச்சையாகப் பூஞ்சை பிடித்தது. விளக்கில் பார்த்தால் அந்தச் சிவப்பு நூல் ஒன்றிலும் இல்லை. அப்போதும் விடாமல் திருப்பிக்கொண்டிருந்தேன் அண்ணி. திருப்பினால் பிழைக்கும், இன்னும் கவனமாகத் திருப்பினால் பிழைக்கும் என்று. பறவைக் கூடத்தில் என் கை தவறி ஒரு முட்டை போனதில்லை. கவனமாக இருந்தே அத்தனையும் கொன்றிருக்கிறேன்.

டாக்டர் நேற்று முன்தினம் வந்துவிட்டார். ஒவ்வொன்றாகக் கீறிப் பார்த்தார். உள்ளே விரல் நீளத்துக்குக் குட்டிகள், கண் வைத்து, உடம்பில் கோலம்கூட விழ ஆரம்பித்திருந்தது. அவர் நிமிர்ந்து கேட்டது ஒரே கேள்விதான்: "யாரும்மா திருப்பினது?"

பிறகு அவரே சொன்னார். பறவை முட்டைக்குள் மஞ்சள் கருவை நடுவில் நிறுத்திப் பிடிக்க இரண்டு பக்கமும் முறுக்கிய கயிறுபோல் இருக்குமாம். அது எனக்குத் தெரியும், உடைத்த முட்டையில் வெள்ளையாகத் திரண்டு கிடக்கும். பாம்பு முட்டையில் அந்தக் கயிறே இல்லையாம். கரு மேல்பக்கத்து ஓட்டில் போய் ஒட்டிக்கொண்டு அங்கேயே வளருமாம். திருப்பினால் அடியில் மாட்டிக்கொண்டு மூச்சு முட்டிச் செத்துவிடுமாம். என் பறவைகளை எது காப்பாற்றுமோ அதுவே இவற்றைக் கொன்றிருக்கிறது.

ஆண் இல்லாமல் பிறக்குமா என்றும் கேட்டேன். "உங்க அண்ணி சொல்லலையா? நான்தானே அவங்களுக்குச் சொன்னேன்" என்றார். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை. ஆனால் ஒன்று கேட்காமல் இருக்க முடியவில்லை. காரணம் உங்களுக்குத் தெரியும். திருப்பாதே என்று ஒரு வரி எழுதியவர் ஏன் திருப்பக் கூடாது என்று இன்னொரு வரி எழுதியிருக்கலாமே? நான் திருப்புவேன், மாட்டுவேன் என்று தெரிந்தே விட்டீர்களா? இதைக் கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லைதான். ஆனாலும் உள்ளே அரிக்கிறது.

சீமாட்டி தன்னிடம் மிஞ்சிய அந்த மூன்றையும் இன்னும் சுற்றிக்கொண்டு நடுங்குகிறாள். டாக்டர் விளக்கு வைக்கவில்லை, தொடவும் விடவில்லை. அவை உயிரோடு இருக்குமா? என்ன செய்யட்டும்?

உங்கள் நாத்தனார்


ஏப்ரல் 21

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். என் வேலை போனதற்காக இல்லை. கோலம் விழ ஆரம்பித்திருந்தது என்று எழுதியிருந்தாயே, அதற்காக. பாவி, நீயும் நன்றாக இருக்க மாட்டாய், நானும் நன்றாக இருக்க மாட்டேன் என்று தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு திட்டினேன். அக்கா மாடியேறி வந்து, யார் செத்தது என்று கேட்டாள்.

இதுவும் டைரக்டரின் தூண்டிலோ என்று ஒரு நினைப்பு இப்போதும் ஓடத்தான் செய்கிறது. ஓடட்டும். நான் சும்மா இருந்தால் அந்த மூன்றும் போய்விடும்.

அறையைக் குளிரவிடாதே, அவள் உதறித் தரும் சூடு ஓர் அளவுக்குத்தான் தாங்கும். காலையில் கூண்டுச் சுவரில் தண்ணீர் தெளி, ஓடு காய்ந்தால் உள்ளே இருப்பது சுருங்கிவிடும். முட்டை மேல் நேராகத் தெளிக்காதே, அதுவும் மூச்சுவிடுகிறது, நனைந்தால் அடைத்துக்கொள்ளும். பார்க்க வருகிறவர்கள் கண்ணாடியைத் தட்டாமல் இருக்கத் துணி கட்டு, பயந்தால் அவள் முட்டையை விட்டு இறங்கிவிடுவாள். பொரிகிற நேரத்தில் குட்டி ஓட்டைக் கிழித்துத் தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு ஒரு நாளுக்கு மேல்கூட அப்படியே இருக்கும். வர முடியாமல் தவிக்கிறதென்று இழுத்துவிடாதே. மிச்சமிருக்கும் மஞ்சள் கரு முழுவதும் வயிற்றுக்குள் போகிற வரை அது வெளியே வராது. இழுத்தால் குடலோடு வந்துவிடும். கோழிக்குஞ்சுக்கு ஓடு உரித்து உதவுவாயே, அந்தக் கையைக் கட்டிப் போடு.

நீ கேட்டதற்கு இப்போது பதில் சொல்ல மாட்டேன். எனக்கே அது சரியாகத் தெரியவில்லை.

அண்ணி


மே 1

அண்ணிக்கு,

இரண்டு! இரண்டு குட்டிகள்! ஒன்று நேற்று முன்தினம் தலையை நீட்டியது, இன்னொன்று நேற்று. மூன்றாவது முட்டை பொரியவில்லை.

நான் இழுக்கவில்லை. இழுக்கக் கூடாது, இழுக்கக் கூடாது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இரண்டு கையையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றேன். சிங்கக் கூண்டு ஆள், எனக்குத்தான் குளிர்காய்ச்சல் என்று நினைத்து டாக்டரைக் கூப்பிட்டுவிட்டான். தலை மட்டும் வெளியே. குண்டூசித் தலை அளவுக்கு இரண்டு கண். என்னைப் பார்த்து நாக்கை நீட்டியது. பாம்புக்குப் பயப்படுகிறவள் அங்கே நின்று அழுதேன் என்று சொன்னால் நம்புவீர்களா?

டைரக்டர் வந்து பார்த்துவிட்டு, "குட்டி வந்தாச்சு, அப்பன் எங்கே?" என்றார். டாக்டர் அமைதியாகச் சொன்னார்: "முதல் சட்டை உரிக்கட்டும். அதையும் தாயோட சட்டையையும் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பறேன். அதுவரைக்கும் யாரும் அப்பனைத் தேட வேண்டாம்."

உரித்த சட்டையை எடுக்கும்போது நானும் பக்கத்தில் நிற்பேன், உறையில் போட்டு மூடுவது டாக்டர் கை, அதன் மேல் என் கையெழுத்தும் இருக்கும். நடுவில் யாராவது மாற்றிவிட்டால் என்ன செய்வது? இப்போது எனக்கு எல்லார் மேலும் சந்தேகம் வருகிறது. உங்களிடமிருந்து தொற்றிக்கொண்டது போலிருக்கிறது.

உங்கள் நாத்தனார்


ஜூன் 2

அண்ணிக்கு,

விலாசத்தைப் பார்த்திருப்பீர்கள். தோழி வீட்டில் இருக்கிறேன். நீங்கள் வீட்டுக்குத் திரும்புவதாக அண்ணன் சொன்ன அன்றே கிளம்பிவிட்டேன். அந்தச் சமையலறையில் உங்கள் எதிரில் நிற்க எனக்குத் தெம்பில்லை.

முடிவு வந்ததையும் அண்ணன்தான் சொன்னார். இரண்டும் பெண் குட்டிகள், மரபணுவில் தாயிடம் இல்லாத எதுவும் அவற்றிடம் இல்லை, அப்பன் என்று ஒருவன் எங்கும் இல்லை. உங்களை மறுபடி வேலைக்கு எடுத்துவிட்டார்கள். டைரக்டர் பத்திரிகைக்காரர்களைக் கூட்டி, நம் பூங்காவின் அதிசயம் என்று குட்டிகளோடு படம் எடுத்துக்கொண்டாராம். அந்த மனுஷனுக்கு வெட்கம் என்பது மருந்துக்கும் கிடையாது.

இப்போது அதே மனுஷன் என் மேல் விசாரணை வைத்திருக்கிறார். அதிசய முட்டைகளில் பெரும்பகுதியை அழித்துவிட்டேனாம். அவர் பார்வையில்தான் எடுத்து வைத்தேன், அதைக் கேட்டால் எழுத்தில் இருக்கிறதா என்கிறார். திங்கட்கிழமை உங்களைத்தான் சாட்சியாகக் கூப்பிடப் போகிறார்கள். எச்சரிக்கை செய்தீர்களா என்று கேட்பார்கள். செய்தீர்கள். உங்கள் எழுத்து என்னிடம் இருக்கிறது, பிரதி அவர்களிடம் இருக்கிறது. மீறித் திருப்பினேன் என்று நானே கையெழுத்துப் போட்டு எழுதிய கடிதம் உங்களிடம் இருக்கிறது. அதை நீட்டினால் என் வேலை அன்றே போய்விடும்.

காட்டாதீர்கள் என்று கெஞ்ச வரவில்லை. நான் உங்களுக்குச் செய்ததை நீங்கள் எனக்குச் செய்தால் அதில் அநியாயம் ஒன்றும் இல்லை. ஆனால் வேலைக்குத் திரும்பி இத்தனை நாளாகியும் அந்தக் கடிதத்தை நீங்கள் யாரிடமும் கொடுக்கவில்லை என்று அண்ணன் சொல்கிறார். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. எல்லாரும் கூடுகிற சபையாகப் பார்த்து எடுக்கப் போகிறீர்களா? அப்படி என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள். இந்த வேலையைத் தவிர எனக்கு வேறு எதுவும் தெரியாது, ராஜினாமாவை நானே எழுதிக் கொடுத்துவிட்டால் வேறு ஊர்ப் பூங்காவிலாவது சேர்ந்துகொள்ளலாம்.

உங்கள் நாத்தனார்


ஜூன் 8

நாத்தனாருக்கு,

ஆமாம், சபையாகப் பார்த்துத்தான் எடுத்தேன்.

திங்கட்கிழமை நீ வராதது நல்லதாகப் போயிற்று. நீண்ட மேஜை, அதற்கு அந்தப் பக்கம் டைரக்டரும் மூன்று பேரும். போன முறை நான் நின்ற அதே இடத்தில் எனக்கு ஒரு நாற்காலி போட்டு, "உக்காருங்கம்மா" என்றார்கள். அம்மா! "எழுத்துல எச்சரிச்சீங்களா?" என்றார் டைரக்டர். உன் கடிதத்தை எடுத்து மேஜை மேல் வைத்தேன். நானே வைத்தேன். அவர் சத்தமாகப் படித்தார், நான் நிறுத்தவில்லை, இன்று காலையும் திருப்பினேன் என்கிற வரி வந்ததும் நிமிர்ந்து, "தெரிஞ்சே செஞ்சிருக்காங்க. இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார்.

முந்தின நாள் ராத்திரி வரை எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. இதை உன்னிடம் மறைக்க மாட்டேன். உன் அண்ணனிடம்கூட, நாளைக்கு உங்கள் தங்கைக்கு ஒரு பாடம் இருக்கிறது என்றேன். அவர் வழக்கம்போலத் தலையை ஆட்டிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

ஆனால் அவர் படித்த தொனியில் கேட்டபோது எனக்கு வேறு ஏதோ ஆகிவிட்டது. "மேலேயும் படிங்க சார். உங்ககிட்ட இருக்கிற பிரதிய எடுத்து என் வரியையும் படிங்க" என்றேன். படித்தார். திருப்பாதே என்கிற அந்த ஒற்றை வரி அந்த அறையில் எவ்வளவு சின்னதாக இருந்தது தெரியுமா?

"இவ காலம் முழுக்கப் பறவை முட்டையப் புரட்டினவ சார். முட்டையத் திருப்பாதேன்னு ஒத்தை வரி எழுதினா, கொல்லச் சொல்றான்னுதான் நினைப்பா. இவ இடத்துல நான் இருந்திருந்தா நானும் திருப்பியிருப்பேன். ஏன் திருப்பக் கூடாதுங்கறது எனக்குத் தெரியும். நாலு வரி. எழுதவும் எழுதினேன், எழுதிக் கிழிச்சுட்டேன். இவ சிரிப்பாளேன்னு ரோஷம், இவ மேல சந்தேகம். அந்த நாலு வரி தபால்ல போயிருந்தா பாதி முட்டையாவது பிழைச்சிருக்கும். அவ திருப்பினா, நான் காரணத்த மறைச்சேன். கூண்டைத் திறக்க ஆள் குடுத்தது நீங்க. தண்டனைன்னா மூணு பேருக்கும் எழுதுங்க."

மூன்றாவது ஆள் யார் என்று புரிந்ததும் அறையில் எல்லாரும் தண்ணீர் குடித்தார்கள். கடைசியில் உனக்கும் எனக்கும் ஆளுக்கொரு எச்சரிக்கைக் கடிதம், ஒரே வார்த்தைகள், மேலே பெயர் மட்டும் வேறு. மூன்றாவது கடிதத்தை யாரும் எழுதவில்லை. உன் வேலை இருக்கிறது.

நான் வேண்டுமென்றே விட்டேனா என்று கேட்டிருந்தாய். நீ மாட்ட வேண்டும் என்று நினைத்து விடவில்லை. ஆனால் உன்னை நம்பியிருந்தால் அந்தக் கடிதத்தைக் கிழித்திருக்க மாட்டேன். இதற்கு என்ன பெயர் வைப்பாயோ வைத்துக்கொள். உன்னை மன்னித்துவிட்டேன் என்றும் நினைக்காதே. அந்தக் குட்டிகளை நினைத்தால் இப்போதும் உன்னை நாலு அறை அறைய வேண்டும் போலிருக்கிறது. என்னையும் அறைந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது, அதனால் கை எழவில்லை.

தோழி வீட்டில் எத்தனை நாள் உட்கார்ந்திருப்பாய்? கிளம்பி வா. பாம்புக் கூடத்தில் ஒரு ஆள் குறைகிறது, உன்னைக் கேட்டிருக்கிறேன். இந்தத் தடவை நானாகக் கேட்டேன். ஒன்று மட்டும், பறவைக் கூடத்திலிருந்து நேராக வந்து கூண்டுக்குள் கையை நீட்டாதே, சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவிவிட்டு வா. பாம்புக்குக் கண்ணைவிட மோப்பம்தான் பெரிது. கையில் கோழிக்குஞ்சு வாசனை அடித்தால் உன்னையே இரை என்று நினைத்துக் கடிக்கும். காரணத்தையும் சேர்த்தே எழுதிவிட்டேன், பிறகு நான்தான் ஏவிவிட்டேன் என்று சொல்லாதே.

அண்ணி